ஆறு மடிகளும் ஓர் அணைப்பும்

சரவணப் பொய்கையில் ஆறு தாமரைகளின்மேல் ஆறு குழந்தைகளாகத் தோன்றிய முருகப்பெருமானைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். பின்னர் உமையம்மை அங்கு எழுந்தருளி, குழந்தைகள் அறுவரையும் ஒருசேர வாரி அணைத்தாள். ஆறு திருமேனிகளும் ஒரு திருமேனியாயின. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் விரித்துரைக்கும் இவ்வரலாறு அடியார்களுக்குப் புதிதன்று. கதித்தமலைக்கும் சிவன்மலைக்கும் கிருத்திகைதோறும் படியேறும் கொங்கு நாட்டுப் பெரியவர்கள் எத்தனையோ சொற்பொழிவுகளில் இதைக் கேட்டிருப்பார்கள். எனினும் இதனுள் இருக்கும் ஒரு சிறு செய்தியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அன்னை ஒருத்தி, வளர்த்த மடிகள் ஆறு. அதனால் பிள்ளைக்கு ஒரு குறை நேர்ந்ததாகப் புராணம் கூறவில்லை. வளர்த்தவர்களின் பெயரே அவனுக்குத் திருநாமமாகி, அவன் கார்த்திகேயன் எனப்பட்டான்.

திருப்பூருக்கு வடக்கே உள்ள நெருப்பெரிச்சலில், மாலை வேளையில் கோயில் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்தால், இவ்வரலாற்றை இப்போது நினைவூட்ட வேண்டிய காரணம் விளங்கும். "பேத்தியைப் பேபி கேர்ல உட்டுட்டு ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயர்றாங்க. நாமெல்லாம் இப்படியா புள்ளைய வளத்தோம்?" என்பார் ஓர் ஆத்தா. பக்கத்தில் இருக்கும் அமுச்சியின் குறை வேறு. முழங்கால் வலியோடு இரண்டு வயதுப் பேரனின் பின்னால் ஓட அவரால் முடியவில்லை. அங்கன்வாடிக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. பையன் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது.

தனி ஊராட்சியாக இருந்து 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. பழைய தோட்டத்து வீடுகளும் புதிய லைன் வீடுகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், இவ்வூரிலேயே பிறந்தவர்கள் என எல்லா வீட்டிலும் கடிகாரம் ஒன்றுதான். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடிய வேண்டும். கப்பல் தேதி நெருங்கினால் 'ஒன்றரை ஷிப்ட்' என்று இரவு எட்டரை வரை நீளும். ஓவர்லாக் மெஷினில் தைப்பவரும், கைமடி வேலை செய்பவரும், செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுபவரும் பெரும்பாலும் இளம் தாய்மார்களே. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஒரு தொழில், ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது. அந்த 'யாரோ ஒருவர்' மிகப் பல வீடுகளில் இவ்விதழை வாசிக்கும் வயதில் உள்ளவரே.

வேலைக்குப் போகும் மருமகளையோ மகளையோ குறை கூறுவதால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நிரம்பிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பல கைகளில் வளரும் குழந்தை பிறரோடு பழகவும், பகிரவும், விட்டுக்கொடுக்கவும், கோபித்துப் பின் சேரவும் எப்படிக் கற்கிறது? எது அதற்குத் துணை செய்யும், எது கெடுக்கும்?

பிள்ளைத்தமிழ் கண்ட பருவங்கள்

இக்கேள்விக்கு விடை தேட மேல்நாட்டு உளநூல்களுக்குப் போகுமுன் நம் பிள்ளைத்தமிழைப் பார்க்கலாம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். குமரகுருபரர் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமி மீதும், பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகன் மீதும் பாடியவை இவ்வரிசையில் அமைந்தவை. இதை ஓர் இலக்கிய மரபு என்று மட்டுமே பள்ளியில் படித்தோம். குழந்தை மனிதர்களோடு சேரும் வரிசையும் இதுவே என்பது ஒரு பேரக்குழந்தையை அருகிருந்து பார்த்தவர்க்கு விளங்கும். முதலில் காக்கப்படுகிறது, தாலாட்டுக் கேட்கிறது. பிறகு நம் முகம் பார்த்துக் கை கொட்டுகிறது. முத்தம் கேட்டால் தருகிறது. 'வா' என்றால் வருகிறது. நிலவைத் தன்னோடு விளையாட வரும்படி அழைக்கும் அம்புலிப் பருவத்தில், 'எனக்கு ஒரு தோழன் வேண்டும்' என்ற விருப்பம் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதன் பின்னரே சிற்றில், அதாவது பிற குழந்தைகள் கட்டிய மணல் வீட்டைச் சென்று சிதைப்பது. தாயின் மடியில் தொடங்கித் தெருவுக்கு வந்து சேரும் பயணம் பத்தே படிகளில் அடங்கிவிடுகிறது.

இம்மரபுக்கு வித்திட்டவர் பெரியாழ்வார். கண்ணனுக்கு யசோதையாகவே தம்மை வைத்துப் பாடிய அவர், தளர்நடை இடுவதையும், பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வதையும், பூச்சி காட்டித் தோழர்களை மிரட்டுவதையும் தனித்தனியே பாடியிருக்கிறார். அக்கம்பக்கத்து ஆய்ச்சியர் வந்து 'உன் பிள்ளை செய்ததைக் கேள்' என்று முறையிடுவதையும் விடவில்லை. துளசி வனத்தில் கண்டெடுத்த ஆண்டாளைத் தம் மகளாக வளர்த்தவரும் அவரே. அம்மகள் பாடிய நாச்சியார் திருமொழியில், 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடும் பதிகம் ஒன்று உண்டு. குறும்பு செய்யும் பிள்ளையின் பக்கத்தைத் தந்தையும், அதனால் அழும் குழந்தைகளின் பக்கத்தை மகளும் பாடியிருக்கிறார்கள் என்பது எண்ண எண்ண வியப்புக்குரியது. வீடு கட்டியவரும் இடித்தவரும் மறுநாள் அதே மணலில் மீண்டும் கூட வேண்டும். பழகுதல் என்பது அங்கேதான் கற்கப்படுகிறது. தனியே ஒரு திரையைப் பார்த்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இடிப்பதற்கும் சிற்றில் இல்லை. சினப்பதற்கும் தோழி இல்லை.

1932ஆம் ஆண்டில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிறு பிள்ளைகள் விளையாடுவதை உற்றுநோக்கிச் சில படிகளை வகுத்தார். முதலில் குழந்தை தனியே விளையாடும். பிறர் விளையாடுவதை நின்று பார்க்கும். பின்னர் மற்றொரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, ஆனால் தன் போக்கில் விளையாடும். ஒன்றோடொன்று பேசிப் பொருளைப் பகிர்வதும், ஒரே ஆட்டத்தைக் கூடி ஆடுவதும் அதற்குப் பின்னரே. எனவே இரண்டு வயதுப் பேரன் மற்றப் பிள்ளைகளின் அருகே போய் அமர்ந்து, யாரையும் பார்க்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால், 'யாரோடும் ஒட்ட மாட்டேன் என்கிறான்' என்று கவலைப்பட வேண்டியதில்லை. அருகே போய் அமர்ந்ததே அவ்வயதுக்குரிய நட்பு. பொம்மையைத் தர மறுத்து அழுதால், 'சுயநலக்காரன்' என்று அடிப்பதும் தகாது. தன்னுடையது என்ற உணர்வு வந்த பிறகே தருவது என்ற குணம் வர இயலும்.

நெருப்பெரிச்சலுக்குத் தொலைவில் இல்லாத அவிநாசியில் நடந்ததாகப் பெரிய புராணம் கூறும் வரலாற்றையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஐந்து வயதுத் தோழர் இருவர் மடுவில் நீராடச் சென்றனர்; ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் கழிந்து, பிழைத்தவனுக்கு உபநயனம் நடக்கும் நாளில் அவ்வீதி வழியே வந்த சுந்தரர், ஒரு வீட்டில் மங்கல ஒலியையும் எதிர்வீட்டில் அழுகையையும் கேட்டார். பதிகம் பாடிப் பிள்ளையை மீட்டார். திரும்பி வந்தவன் ஐந்து வயதுக் குழந்தையாக வரவில்லை. கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியையும் பெற்று, தோழனோடு ஒத்த பருவத்தினனாக வந்தான். இறையருள் உயிரை மட்டும் தரவில்லை. சேர்ந்து வளர வேண்டியவரோடு அவன் பின்தங்காதிருக்கவும் அருளியது.

நூலாலையும் மழலைப் பள்ளியும்

ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி திருப்பூரில் முதலாவதாக எழுந்ததன்று. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் பஞ்சு நூற்பாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தம் தொழிலாளர்களுக்காக ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அதில் இடம் இருந்தது. அதற்கு அவர் தேர்ந்த ஆசிரியர் ஜேம்ஸ் புக்கானன், எழுத்தறிவு அதிகம் இல்லாத ஒரு கைத்தறி நெசவாளர். பொறுமையும் குழந்தைகளிடம் அன்பும் உடையவர் என்பதே அவருடைய தகுதி. குழந்தையை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, இன்முகத்தோடே பேச வேண்டும். உடன் விளையாடும் பிள்ளையை மகிழ்விக்க இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஓயாது சொல்ல வேண்டும். இவையே ஓவன் இட்ட கட்டளைகள். புத்தகத்தைக் காட்டிக் குழந்தைகளைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்றும் அவர் கருதினார். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இன்றைய 'பிளே ஸ்கூல்' நடத்துநர்கள் அந்த நெசவாளரின் வகுப்பை ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரோம் நகரில் மரியா மாண்டிசோரி 1907இல் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லமும், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தொழிலாளர் குடியிருப்பில் தனித்து விடப்பட்ட பிள்ளைகளுக்காகவே தோன்றியது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது பலர் அறிந்ததே. நம் நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் மகாராட்டிரத்தின் போர்டி கிராமத்தில், பள்ளிக்கு வராத ஏழைக் குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற பெயரில் உள்ள 'அங்கன்' முற்றத்தைக் குறிக்கும் சொல்லே. 1975ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தியன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சேர, தமிழகத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்பதே அங்குள்ள பாடத்திட்டத்தின் பெயர்.

'அங்கன்வாடி என்றால் சோறு போடும் இடம்' என்ற எண்ணம் நடுத்தர வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் உள்ளது. தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களில் கார்த்திக் முரளிதரனும் வேறு இரு பொருளியல் அறிஞர்களும் நடத்திய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பதினெட்டு மாதங்களில் அக்குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் முந்தினர். உயரக் குறைபாடும் குறைந்தது. பதிவேடுகளிலும் சமையலிலும் மூழ்கிக் கிடந்த ஒரு பணியாளருக்கு உதவியாக இன்னொரு மடி வந்ததன் பயன் அது.

அங்கன்வாடிக்கு அனுப்ப மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே யாரும் சொல்வதில்லை. 'அங்கே யார் யாரோடு உட்கார வைக்கிறார்களோ' என்பதே அது. அன்னதானப் பந்தியில் யார் பக்கத்தில் அமர்கிறோம் என்று கேட்காத நாம், பேரனின் பந்தியில் மட்டும் கேட்பது எவ்வகையில் நியாயம்? ஒடியா பேசும் வீட்டிலிருந்து வந்த மூன்று வயதுச் சிறுமி, பக்கத்துப் பிள்ளையின் வாய் பார்த்துத் தமிழ்ப் பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வதை இங்குள்ள மையங்களில் காணலாம். பக்கத்துப் பிள்ளை அவளுக்காக அச்சொல்லை இன்னொரு முறை சொல்கிறது. இதை வீட்டில் எந்தப் பாட்டியாலும் கற்பிக்க முடியாது.

கம்பெனிகளுக்குள் காப்பகம் வேண்டும் என்பதும் புதிய கோரிக்கையன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் அதிகம் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை அமைக்கச் சொன்னது. முதலில் ஐம்பது பெண்கள் என்றிருந்த வரம்பு 1976இல் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவர உரிமையும் வழங்கியது. வங்கிப் பணியில் கடன் கணக்குகளுக்காகச் சரக்கிருப்பைப் பார்வையிடச் செல்லும்போது நான் கண்ட காப்பக அறைகள் இரண்டு வகை. ஒரு வகையில் தொட்டிலுக்குள் அட்டைப் பெட்டிகள் இருக்கும். வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் நாளில் பெட்டிகள் வெளியேறி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள் உள்ளே வரும். இன்னொரு வகையில், பதினொரு மணித் தேநீர் இடைவேளையில் தாய்மார்கள் கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடிவந்து பாலூட்டிவிட்டுப் போவார்கள். இரண்டாம் வகை அறையில் வேலை செய்த ஒரு முதிய ஆயா, எல்லாப் பிள்ளைகளையும் 'சாமி' என்றே அழைப்பார். ஆனால் எந்தச் சாமிக்கு எந்தத் துணியைக் கையில் பிடித்தால்தான் தூக்கம் வரும் என்பது அவருக்குத் தெரியும். இத்தகைய அறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதே வருத்தம்.

மடிகளைச் சேர்ப்பது யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். தாயன்பு இல்லாமல் விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளின் துயரை அது உலகுக்குக் காட்டியது. அதைச் சிலர் 'தாய் ஒரு மணி நேரம் பிரிந்தாலும் கேடு' என்று திரித்துக்கொண்டனர். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, பத்து இடங்களில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பு முதல் பதினைந்து வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று அந்த அச்சத்தைப் பெரிதும் தணித்தது. காப்பகத்தில் வளர்ந்ததா, வீட்டில் வளர்ந்ததா என்பதைவிட, வீட்டார் அக்குழந்தையிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே அதன் குணத்தோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. நல்ல காப்பகங்களில் வளர்ந்தவை மொழியில் சற்று முன்னின்றன. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. நீண்ட நேரம் காப்பகத்தில் கழித்த பிள்ளைகளிடம் முரண்டும் கைநீட்டலும் சிறிதளவு கூடுதலாகக் காணப்பட்டன. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பழகிய ஊர் இந்தக் கடைசிச் செய்தியைக் கருத்தில் கொள்வது நல்லது.

ஆக, மடிகள் பலவாக இருப்பதில் கேடில்லை. அவை ஒன்றையொன்று அறியாமல் இருப்பதிலும், அடிக்கடி மாறுவதிலும்தான் கேடு. காலையில் ஆத்தா, பகலில் பேபி கேர் ஆயா, மாலையில் பக்கத்து வீட்டு அக்கா, இரவில் களைத்து வந்த தாய் என்று நால்வர் கையில் ஒரு குழந்தை இருக்கலாம். அந்த நால்வரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் அது ஒரு குழந்தை. பேசாவிட்டால் நான்கு வீட்டில் நான்கு குழந்தை. 'மதியம் சோறு உண்டானா? யாரோடு விளையாடினான்? எதற்கு அழுதான்?' என்று கேட்டு, அதை இரவில் தாயிடம் சொல்வதற்கு வீட்டில் நேரம் உள்ளவர் பாட்டனும் பாட்டியுமே. பொய்கைக் கரையில் உமையம்மை செய்த அணைப்பில் நமக்குக் கிட்டும் சிறு பங்கு அது. ஆயாவிடம் மருமகளைப் பற்றியும், மருமகளிடம் ஆயாவைப் பற்றியும் குறை சொல்லும் பாட்டிகளும் உண்டு. அவர்கள் எந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வட்டாரத்தில் மூன்றாவது ஒரு வழியும் வழக்கத்தில் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் திருப்பூர் திரும்புகிறாள். நான்கு வயதில் பள்ளிக்கெனக் குழந்தை அழைத்து வரப்படும்போது அது தாயை விருந்தாளியைப் போலப் பார்க்கிறது. வளர்த்த பாட்டியைப் பிரிந்த துயரத்தில் சில மாதங்கள் யாரோடும் பேசுவதில்லை. ஊரில் இருக்கும் பெரியவர்கள் அன்பில் குறை வைப்பதில்லை. ஆனால் வேரூன்றிய இடத்திலிருந்து இரண்டு முறை பிடுங்கி நடப்பட்ட நாற்றுக்கு ஆகும் நிலைதான் பிள்ளைக்கும். முடிந்தவரை பாட்டி திருப்பூருக்கு வருவதே, பேரன் ஊருக்குப் போவதைவிட மேலானது என்பது என் கருத்து. லைன் வீட்டின் ஒற்றை அறையில் அது எளிதன்று என்பதும் தெரியும்.

காப்பகத்தில் சேர்க்கும் முதல் வாரங்களைப் பற்றிச் சில சொற்கள். ஏழெட்டு மாதம் முதல் இரண்டு வயது வரை புதுமுகத்தைக் கண்டு அழுவது இயல்பு. அப்பருவத்தில் சேர்ப்பவர்கள் முதல் சில நாட்கள் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்திருந்து, பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். குழந்தை பொம்மையைப் பார்க்கும்போது சொல்லாமல் நழுவி வருவது பெரியவர்களின் பழைய உத்தி. அது அன்றைய அழுகையைக் குறைக்கும்; மறுநாள் முதல் குழந்தை ஒரு கணமும் நம்மைக் கண் விட்டு அகல விடாது. 'ஆத்தா போயிட்டு, சோறு உண்டதும் வர்றேன் சாமி' என்று சொல்லி, சொன்ன நேரத்தில் வந்து நின்றால், பத்துப் பதினைந்து நாளில் அதற்கு நம்பிக்கை பிறக்கும். இடத்தைத் தேர்பவர்கள் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆயா குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, குனிந்து முகத்தோடு முகம் வைத்துப் பேசுகிறாரா, ஒரே ஆயா எத்தனை மாதமாக இருக்கிறார் என்று பாருங்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே ஆகாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. இது வீட்டுச் செல்போனுக்கும் பொருந்தும்.

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து செந்திலாண்டவன் அருளால் வாய் திறந்தார் என்பது அவர் வரலாறு. இதைச் சொல்லி, இரண்டு வயது கடந்தும் இரு சொல் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்செந்தூருக்கும் போகலாம், அதற்கு முந்தின நாளே அரசு மருத்துவமனைக்கும் போகலாம். தொடக்கத்திலேயே கண்டால் பயிற்சியால் பெரிதும் தேற்றிவிட முடிகிற குறைகள் பல.

எல்லாம் சரியாக அமைந்தாலும் ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. அங்கன்வாடி பிற்பகலில் மூடப்படுகிறது. ஒன்றரை ஷிப்ட் இரவு எட்டரைக்கு முடிகிறது. நடுவில் உள்ள அந்த ஐந்து மணி நேரத்துக்குச் சட்டத்திலும் திட்டத்திலும் பெயர் இல்லை. நெருப்பெரிச்சல் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கும் சிறு கோயிலில் நான்கைந்து பாட்டிமார்கள் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். நாளுக்கு இருவராக முறை வைத்துக்கொண்டு, சந்திலுள்ள பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். செல்போனுக்கு அனுமதி இல்லை. மண் உண்டு, உடைந்த பாபின்களும் அட்டைக் குழல்களும் உண்டு. ஆறு மணி தீபாராதனைக்கு மணியடிக்க ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் முறை. முறை தவறி இழுத்தால் மற்றவர்கள் விடுவதில்லை. வெள்ளிக்கிழமைச் சுண்டலைப் பிள்ளைகளே தொன்னையில் அள்ளிப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் உண்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த குடும்பத்தின் பையன் ஒருவன் அப்பாட்டிமார் அனைவரையும் 'அமுச்சி' என்றே அழைக்கிறான். அவன் தாய்க்கு அச்சொல் அவன் மூலமாகத்தான் தெரியவந்தது. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று பெற்றோர் வந்துசேர ஒன்பது மணிக்கு மேல் ஆகிறது. தூங்கிவிடும் குழந்தைகளுக்காக இரண்டு கோரைப் பாய்கள் மடைப்பள்ளிச் சுவரோரம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.